பூக்காத அவரையைப் பிடுங்கலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாசி மாதம் மொட்டை மாடியில் அவரை விதைத்தேன். விதைப் பாக்கெட்டில் 'பிராட் பீன்ஸ்' என்று இருந்தது. இப்போது ஆவணி. கொடி பந்தலை மூடிவிட்டது. ஒரு பூகூட இல்லை. வாரந்தோறும் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். இது ஆண் கொடி, பிடுங்கிப் போடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இணையத்தில் பார்த்தால் பிராட் பீன்ஸைக் குளிரில்தான் விதைக்க வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?"

பிடுங்காதீர்கள். அவரையில் ஆண் கொடி, பெண் கொடி என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பூவிலும் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. பாகல், புடலையில் ஆண் பூ தனியாக வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவரைக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊர் விதைக் கடைகளில் அவரையைத்தான் பிராட் பீன்ஸ் என்று அச்சிடுகிறார்கள். ஐரோப்பியர்கள் அந்தப் பெயரால் குறிப்பிடுவது வேறு செடி. அது கொடியாகப் படராது. சதுரத் தண்டோடு மூன்று நான்கு அடிக்கு நிமிர்ந்து நிற்கும். எகிப்தில் 'ஃபுல்' என்றும் வட இந்தியாவில் 'பாக்லா' என்றும் சொல்வது அதைத்தான். குளிரைத் தாங்கும், வெயில் ஏறினால் பூவை உதிர்த்துவிடும். நீங்கள் இணையத்தில் படித்தது அந்தச் செடிக்கான குறிப்பு. உங்கள் பந்தலில் இருப்பது அசல் அவரை, அதற்கு அது பொருந்தாது.

இனி பூவுக்கு வருவோம். பந்தல் அவரையின் நாட்டு ரகங்கள் பெரும்பாலும் பகலின் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. பகல் குறுகி, இரவு நீண்டால்தான் மொட்டு விடும். மதுரையில் ஆனி மாதப் பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். மார்கழியில் 11 மணி 35 நிமிடம். நமக்கு உறைக்காத இந்த ஒரு மணி நேர வித்தியாசம் அவரைக்கு நன்றாகவே தெரியும். மாசியில் விதைத்தீர்கள், கொடி தலையெடுத்தபோது பகல் நீண்டுகொண்டே போனது. அதனால் இத்தனை மாதமும் இலையாகவே வளர்த்துக்கொண்டிருக்கிறது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது அவரைக்கு அப்படியே பொருந்தும்: ஆடியில் விதைத்தால் கொடி பந்தலேறி முடிக்கவும் பகல் குறுகவும் சரியாக இருக்கும். பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் தவறாமல் இருப்பதும் இதனால்தான். குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, தினைப்புனத்தில் அவரை பூக்கும் பனிக்காலம் வந்தும் தலைவன் வரவில்லையே என்று வருந்துகிறாள். ஈராயிரம் ஆண்டு ஆகியும் அவரை தன் நாட்காட்டியை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாடிக்கு நேரே தெருவிளக்கு இருந்து, விடிய விடிய வெளிச்சம் கொடிமேல் விழுந்தால், இரவு நீண்டது செடிக்கு உறைக்காது. அப்படி இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் பழைய சாக்கால் மறைத்துப் பாருங்கள்.

புண்ணாக்குக் கரைசலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவரை தன் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலிருந்தே தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வாரந்தோறும் தழைச்சத்தை ஊற்றினால் இலை கரும்பச்சையாகக் கொழிக்கும், பூ தள்ளிப்போகும். மாதம் ஒருமுறை தொட்டிக்கு ஒரு பிடி மக்கிய தொழு உரமும் அரைப் பிடி விறகுச் சாம்பலும் போதும். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசலைத் தெளித்தால் உடனே பூக்கும் என்று யாராவது சொல்வார்கள். மொட்டு வந்த பிறகு தெளித்தால் தவறில்லை. பருவம் வராத கொடியைப் பூக்க வைக்க அதனால் முடியாது.

ஆவணி முடிவதற்குள் கத்தரியை எடுங்கள். முற்றிய, ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும் கொடிகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள், நுனிகளையும் கிள்ளுங்கள். வெளிச்சம் உள்ளே இறங்கும், பக்கக் கிளைகள் வெடிக்கும். பூங்கொத்து வரப்போவது அந்தப் புதுக் கிளைகளில்தான். புரட்டாசி பாதிக்குப் பிறகு வெட்டாதீர்கள். வரப்போகும் மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். ஐப்பசி மழையில் தொட்டியில் நீர் தேங்காமல் அடித்துளையைக் குத்திவிடுங்கள். அடைமழையில் கொஞ்சம் பூ உதிரத்தான் செய்யும், பதற வேண்டாம்.

பூ வந்ததும் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியும் வரும். இளந்தண்டிலும் பூக்காம்பிலும் கருப்பாக அப்பியிருக்கும். எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் மேலே அசுவினி இருக்கிறது என்று பொருள். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டைக் கண்டால் தெளிப்பதைத் தள்ளிவையுங்கள். உங்கள் வேலையை அது செய்துகொண்டிருக்கிறது. பூக்கள் நூலாம்படையில் ஒட்டியதுபோலப் பிணைந்திருந்தால் உள்ளே காய்ப்புழு. அந்தக் கொத்தைக் கிள்ளி அழித்துவிடுங்கள்.

காய் பறிக்கும்போது கொத்தையே ஒடிக்காதீர்கள், காயை மட்டும் கிள்ளுங்கள். அதே காம்பின் நுனியில் இன்னும் மொட்டு மீதி இருக்கும்.

இவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் பந்தல் கொடியை விட்டுவிட்டு, பக்கத்தில் இரண்டு தொட்டியில் குத்து அவரை, அதாவது படராத செடி அவரை போடுங்கள். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் போன்ற ரகங்கள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. சுமார் இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் "செடி அவரையா, கொடி அவரையா?" என்று கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டின் முன்பக்கப் படம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும்.