பதில்: சங்கக் கூட்டத்தில் பெரியவர்கள் என்னை மதிப்பதில்லை

வணக்கம் தம்பி. 28 வயதில் கடலூர் முதுநகரில் நகர்க் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆகியிருக்கிறீர்கள், வாய் திறந்தாலே ஒரு ரிட்டயர்டு சார் "நேற்று குடிவந்தவன்" என்று அடக்கிவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கூட்டத்தில் பதிலடி கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட கணக்கைத் திருத்தினீர்களாமே, அதை முதலில் நிறுத்துங்கள். பிழை இருந்தால் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, இது எனக்குப் புரியவில்லை" என்று கேளுங்கள்.

அப்புறம், கூட்டத்துக்கு வெளியே உபயோகமாக இருங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில், உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து முடித்துவிடலாம், வங்கி வரிசை வேண்டாம். உங்கள் தெருவில் இது தெரியாத பெரியவர்கள் இருப்பார்கள். செய்துகொடுங்கள், ஆனால் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். (இந்தப் பழக்கத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.) 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் யார் எவர் என்று கேட்காமல்தான் சோறு போடுகிறார்கள். நீங்களும் உங்களைத் திட்டியவர் வீட்டை விட்டுவிடாதீர்கள்.

மழைக்கு முன் வடிகால் வேலை வரும். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் எங்கே முதலில் ஏறும் என்று தெரியும். அந்த ரிட்டயர்டு சாரையே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். செப்டம்பரிலேயே மாநகராட்சிக்கு மனு எழுதி, முதல் கையெழுத்தை அவரிடம் வாங்குங்கள்.