வாங்குவோர் கேள்வி-பதில்: இல்லாத பதக்கமும் இறந்தவர் கையொப்பமும்

யூரி ககாரின் விண்ணுக்குச் சென்ற ஏப்ரல் 12 நெருங்கும்போதெல்லாம், ருஷ்ய, சோவியத் விமானிகளின் பெயரைச் சொல்லிப் பழம்பொருள் விற்பவர்கள் பெருகிவிடுகிறார்கள். அடுத்த மாதம் எனக்கு வரும் கடிதங்களும் பெருகிவிடுகின்றன. இடம் கருதி அவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ககாரின் கையொப்பமிட்ட வண்ணப் புகைப்படம் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். கையொப்பத்தின் கீழே “ஜூலை 1969” என்று தேதி எழுதப்பட்டுள்ளது. இது உண்மையானதுதானா?

பதில்: ககாரின் 1968 மார்ச் 27 அன்று விமான விபத்தில் இறந்தார்.

கேள்வி: வட துருவத்தின் வழியாக அமெரிக்காவுக்குப் பறந்த வலேரி ச்காலவ் அணிந்திருந்த தங்க நட்சத்திரப் பதக்கம் என்று சொல்லி, நம்பகச் சான்றிதழுடன் ஒருவர் எனக்கு விற்றார். நகைக்கடையில் உரசிப் பார்த்துவிட்டுப் பித்தளை என்கிறார்கள். சான்றிதழ் இருந்தும் எப்படி ஏமாந்தேன்?

பதில்: சான்றிதழ் இருந்ததால்தான் ஏமாந்தீர்கள். உரைகல்லுக்குப் போகும் முன் நாட்காட்டியைப் பார்த்திருந்தால் போதும். ‘சோவியத் ஒன்றியத்தின் வீரர்’ என்னும் பட்டம் 1934 ஏப்ரலில் ஏற்படுத்தப்பட்டது. ஆர்க்டிக் கடலில் பனி நெருக்கி மூழ்கடித்த செல்யூஸ்கின் கப்பலின் ஆட்களை மிதக்கும் பனிப்பரப்பிலிருந்து மீட்ட ஏழு விமானிகளே அதை முதன்முதலில் பெற்றவர்கள். ஆனால் அந்தப் பட்டத்துக்குரிய தங்க நட்சத்திரப் பதக்கம் 1939 ஆகஸ்டில்தான் உருவாக்கப்பட்டது. ச்காலவ் பட்டம் பெற்றது 1936இல். பைதுக்கோவ், பெல்யக்கோவ் ஆகிய இருவருடன் துருவத்தைக் கடந்து வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரில் இறங்கியது 1937 ஜூன் 20 அன்று. ஐ-180 என்னும் புதிய போர் விமானத்தைச் சோதித்துப் பறந்தபோது இறந்தது 1938 டிசம்பர் 15 அன்று. தம் வாழ்நாளில் கண்ணாலும் பார்த்திராத ஒரு பதக்கத்தை அவர் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் நம்பியிருக்கிறீர்கள்.

இனி அந்தச் சான்றிதழைப் பற்றி. இதன்மீது எனக்குத் தனிப்பகையே உண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தடித்த தாள், தங்க நிற முத்திரை, சுழித்துப் போட்ட ஒரு கையொப்பம். கையொப்பமிட்டவர் யார் என்று பார்த்தால் பொருளை விற்றவரே. தன் கடை இட்லி பூப்போல இருக்கும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான் இதற்கும். உண்மையான தங்க நட்சத்திரத்தின் பின்புறத்தில் பட்டத்தின் பெயர் ருஷ்ய மொழியிலும், அதனுடன் ஒரு வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும்; அந்த எண் பெற்றவரின் விருதுப் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். எண்ணும் பெயரும் ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதும், அந்தக் குடும்பத்திலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை பொருள் யார் யாரிடம் இருந்தது என்று காட்ட முடிவதுமே சான்று.

இன்னொன்றையும் கேளுங்கள். சோவியத் அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் ருஷ்யச் சட்டப்படி குற்றம். இந்தப் பதக்கங்களுக்காக மனிதர்களைக் கொன்றிருக்கிறார்கள்: 1983இல் மாஸ்கோவில் ஓய்வுபெற்ற கடற்படைத் துணைத்தளபதி ஒருவரும் அவருடைய மனைவியும் பதக்கத் திருடர்களின் கையால் இறந்தார்கள். உங்கள் கைக்கு வந்தது பித்தளை என்பதற்காக மகிழுங்கள். உண்மையானதாக இருந்திருந்தால், அது யார் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது என்ற கேள்விக்கும் நீங்கள் பதில் தேட வேண்டியிருந்திருக்கும்.

சான்றிதழ்மீதுள்ள பகைக்குக் காரணம் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் மாஸ்கோவின் ஒரு வாரச் சந்தையில், போர்க்கால விமானியின் தலைக்கவசம் என்று சொன்னதை நம்பி, சான்றிதழுடன் ஒன்றை வாங்கி வந்து, அதை அணிந்து படமும் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அதன் உச்சியில் பஞ்சு திணித்த தடித்த மேடுகள் வரிசையாக இருந்தன. பீரங்கி வண்டிக்குள் தலை மோதாமல் இருப்பதற்காக வைக்கப்பட்டவை அவை. விமானியின் தோல் தொப்பியில் அப்படி எதுவும் கிடையாது என்பதை, வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

கேள்வி: என் மாமா விட்டுச்சென்ற பெட்டியில் ககாரின் படம் போட்ட சோவியத் அஞ்சல் தலைகள் 200 உள்ளன. எல்லாவற்றிலும் முத்திரை அழகாக மூலையில் விழுந்திருக்கிறது. பின்பக்கப் பசையும் அப்படியே இருக்கிறது. இலட்சக்கணக்கில் விலை போகுமா?

பதில்: போகாது. கடிதத்தில் ஒட்டப்படாமலேயே முத்திரை குத்தி, சேகரிப்பவர்களுக்கென்று பொட்டலம் பொட்டலமாக விற்கப்பட்டவை அவை. மாமாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. இரண்டாம் உலகப் போரில் இரவில் குண்டுவீசிய சோவியத் பெண் விமானிகளைப் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பில் பேசியிருக்கிறேன். அவர்களில் ஒருவருடைய 1942ஆம் ஆண்டுப் பறப்புக் குறிப்பேடு என்று ஓர் இணைய விற்பனைத் தளத்தில் கண்டு, சேமிப்பிலிருந்து 40,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விமானத்தின் பெயர் போ-2 என்றும், முத்திரையில் 46ஆம் தமான் காவற்படை ரெஜிமெண்ட் என்றும் உள்ளது. ஏதோ உறுத்துகிறது.

பதில்: அம்மா, உங்களுக்கு உறுத்தியது சரியே, உங்களைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. செய்தவன் பழைய தாளையும் பழைய மையையும் தேடிப் பிடித்து உழைத்திருக்கிறான். ஆண்டுகளில் மட்டும் கோட்டை விட்டுவிட்டான். பெர்ஷான்ஸ்காயா தலைமையேற்ற அந்தப் பிரிவு 1942இல் 588ஆம் இரவுக் குண்டுவீச்சு ரெஜிமெண்டாகத்தான் இருந்தது. காவற்படை என்ற சிறப்பும் 46 என்ற எண்ணும் 1943 பிப்ரவரியில் வந்தன. தமான் என்ற பெயர் அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், தமான் தீபகற்பப் போர்களுக்குப் பின் சேர்ந்தது. அவர்கள் ஓட்டிய, மரச்சட்டத்தில் துணி போர்த்திய அந்த இரட்டையடுக்குச் சிறகு விமானத்துக்கு அப்போது உ-2 என்பதே பெயர். அதை வடிவமைத்த பொலிக்கார்ப்பவ் 1944 ஜூலையில் இறந்தபின்தான், அவர் பெயரின் முதல் அசையைக் கொண்டு போ-2 ஆயிற்று. எதிரிகளே ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று அஞ்சிப் பெயரிட்ட, 23,000க்கும் மேற்பட்ட முறை பறந்த பெண்களின் பெயரை வைத்து ஓர் ஆசிரியையின் சேமிப்பைச் சுரண்டியவனை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன்.

செய்ய வேண்டியது இது. விற்பனைப் பக்கத்தை, விளம்பர வாசகம் தெரியும்படி, இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாக ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் மின்வணிக விதிகள் அவரைக் கட்டாயப்படுத்துகின்றன. பயனில்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. மேலே நான் எழுதிய ஆண்டு முரண்கள் மூன்றையும் புகாரில் அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 62 எதிரி விமானங்களை வீழ்த்திய இவான் கொஜெதூபின் லா-7 விமானத்திலிருந்து எடுத்த, இரண்டு இதழ்கள் கொண்ட மரச் சுழலி விற்பனைக்கு வந்தது. வேறு மூன்று பேர் காத்திருப்பதாகச் சொன்னதால், முன்பின் அறியாத ஒருவருடைய கைப்பேசி எண்ணுக்கு 65,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். பொருளும் வரவில்லை, எண்ணும் அணைக்கப்பட்டிருக்கிறது.

பதில்: லா-7இன் சுழலி உலோகத்தால் ஆனது, அதற்கு இதழ்கள் மூன்று. கொஜெதூபின் லா-7 மாஸ்கோவுக்கு அருகே மோனினோ அருங்காட்சியகத்தில் முழுதாக நிற்கிறது. இவற்றைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தை உங்களிடமிருந்து பறிப்பதற்காகவே அந்த ‘மூன்று பேர்’ கற்பனை செய்யப்பட்டார்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறுமுன் அழைத்தால்தான் முடக்கி வைக்க வழியுண்டு. எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: லெவனேவ்ஸ்கி படம் உள்ள 1935ஆம் ஆண்டு அஞ்சல் தலையில், மாஸ்கோ–சான் பிரான்சிஸ்கோ பறப்பு என்று சிவப்பில் மேலச்சு செய்தது, அதாவது அச்சான தலையின்மீதே மறுபடி அச்சடித்தது, அரியது என்கிறார்கள். தலைகீழாக அச்சான பயன்படுத்திய படி ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: செல்யூஸ்கின் மீட்புக்காக முதலில் பட்டம் பெற்றவர்கள் என்று முன்பு சொன்ன ஏழு விமானிகளில் லெவனேவ்ஸ்கி ஒருவர். 1935 ஆகஸ்டில் துருவம் வழியாக அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். எண்ணெய்க் கசிவால் பாதியிலேயே திரும்பிவிட்டார். பறப்புத் தோற்றது, பத்து கோபெக் தலையின்மீது ஒரு ரூபிள் என்று விலையேற்றி அச்சடித்த தலைமட்டும் நிலைத்துவிட்டது. 1937 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டவர் பனிவெளியில் மறைந்துபோனார். மேலச்சு இல்லாத தலை மிகவும் மலிவு என்பதால், அதில் சிவப்பு மையைக் குத்துவது மோசடிக்காரர்களுக்கு வசதியான தொழில். உருப்பெருக்கியால் பாருங்கள்: மேலச்சின்மீது அஞ்சல் முத்திரை விழுந்திருக்க வேண்டும். முத்திரையின்மீது சிவப்பு மை ஏறியிருந்தால், பயன்படுத்தி முடித்த தலையில் பிறகு அச்சடித்திருக்கிறார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, தலைகீழாகவே. உருப்பெருக்கியை வாங்கியது அதற்கு மறுவாரம்.

கேள்வி: “விண்பயணத்தின்போது ககாரின் கட்டியிருந்த அதே கடிகாரம்” என்று விளம்பரம் செய்கிறார்கள். முகப்பில் அவர் படமும் இருக்கிறது.

பதில்: அவர் கட்டியிருந்தது மாஸ்கோ முதற் கடிகாரத் தொழிற்சாலை விமானப்படைக்காகச் செய்த ஷ்துர்மான்ஸ்கியே. அதே பெயரில் இன்று வருபவை நினைவுப் பதிப்புகள். அப்படியென்று தெரிந்தே வாங்கினால் குற்றமில்லை. ஆனால் தம் முகம் பொறித்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் விண்ணுக்குப் போகவில்லை.

கேள்வி: 1913இல் விமானத்தில் முதன்முதலாகக் குட்டிக்கரணம் போட்ட பியோத்தர் நெஸ்தெரவின் அசல் புகைப்படம் என்று எட்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. போலியாக இருந்தால் திருப்பித் தரலாமா?

பதில்: முதலில் பிரியுங்கள். திருப்பித் தரும் கெடு எப்போதோ முடிந்திருக்கும். போலிப் பொருளுக்கான புகாருக்கு இன்னும் காலம் இருக்கிறது. கீவில் அவர் கரணமடித்தது ஒற்றையடுக்குச் சிறகுடைய நியூபோர்ட் விமானத்தில். அந்தக் கரணத்தின் படம் என்று விற்றிருந்து, உள்ளே இரட்டையடுக்குச் சிறகு தெரிந்தால், எனக்கு எழுத வேண்டாம், விற்றவருக்கு எழுதுங்கள்.