ஓடைச் சருகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூச்சிமருந்து ஓடைகளை என்ன செய்கிறது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் வயலை ஒட்டிய ஓடையில் மீன்கள் நன்றாகவே இருக்கின்றன. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். மருந்து எதுவும் இல்லை என்றுதான் அறிக்கை வந்தது. சருகு எப்படியும் தானாக மட்கிவிடும். கல்லுக்கடியில் கிடக்கும் சில புழுக்களுக்காக இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

சருகு தானாக மட்கிவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. நிழல் கவிந்த சிற்றோடைகளில் பாசி அதிகம் வளராது. அங்குள்ள உயிர்களுக்குப் பெரும்பாலும் கரையிலிருந்து விழும் இலைதான் சாப்பாடு. விழுந்த ஓரிரு நாளில் கரையக்கூடியது கரைந்துவிடும். அப்புறம் பூஞ்சை படர்ந்து இலையை மென்மையாக்கும், சத்தேற்றும். நீரில் வளரும் கேடிஸ் பூச்சியின் புழுக்களும் கம்மாரஸ் போன்ற இறாலின் சிறு உறவினர்களும் அதற்குப் பிறகுதான் வாய் வைக்கும். நல்ல ஓடையிலிருந்து ஒரு சருகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் வலைபோல மிஞ்சியிருக்கும். நடுவிலிருந்த சதை துகளாகவும் எச்சமாகவும் கீழே போய், அங்கே நீரை வடிகட்டித் தின்னும் உயிர்களுக்கு உணவாகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கவீட்டா நீரியல் ஆய்வகம் இருக்கிறது. 1980-இல் புரூஸ் வாலஸும் அவருடைய குழுவினரும் அங்கே ஒரு சிறிய மலை ஓடையில் மெத்தாக்ஸிகுளோர் என்ற பூச்சிக்கொல்லியைத் தெரிந்தே விட்டார்கள். பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பிடி நழுவி நீரோடு போயின. மருந்து விடாத ஓடையோடு ஒப்பிட்டால், அங்கே இலை மட்குவது வெகுவாகக் குறைந்தது. கீழே போகும் நுண்துகளும் குறைந்தது. பூஞ்சையும் பாக்டீரியாவும் இருந்தும் அந்த வேலையை ஈடுகட்ட முடியவில்லை.

சரி, உங்கள் சோதனை அறிக்கைக்கு வருவோம். தெளித்த பிறகு பெய்யும் முதல் கனமழையோடுதான் மருந்து பெரும்பாலும் ஓடையில் இறங்கும். சில மணி நேரத்தில் கடந்தும் போய்விடும். அடுத்த வாரம் பாட்டிலில் பிடித்த தண்ணீரில் அது சிக்காது. மீனையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூச்சியின் நரம்பைத் தாக்குவது, மீன் அதை நிறையவே தாங்கும். ஆய்வகங்கள் வழக்கமாகச் சோதிக்கும் டாப்னியா என்ற நுண்ணிய நீர்த்தெள்ளுகூட இந்த மருந்தைத் தாங்கிக்கொள்ளும். டாப்னியா தாங்கும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே, மேஃபிளை என்ற பூச்சியின் நீரில் வாழும் இளம்பருவம் செத்துவிடும்.

சாகாவிட்டாலும் ஆபத்துதான். மருந்து பட்ட கம்மாரஸ் தின்பதைக் குறைத்துவிடுகிறது. தலையை எண்ணினால் எல்லாம் சரியாகத் தெரியும், வேலை மட்டும் நடக்காது. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். வருடத்துக்கு ஒரே தலைமுறை காணும் பூச்சிகளாக இருந்தால், ஓடையின் மேல்பக்கம் மருந்து படாத பகுதி இல்லாமல் அவை மீண்டு வருவதும் கடினம்.

நீங்களே பார்க்கலாம். உலர்ந்த இலைகளை எடைபோட்டு, பெரிய கண் வலைப் பையில் ஒன்றும் மிகச் சிறிய கண் வலைப் பையில் ஒன்றுமாகக் கட்டி ஓடையில் போடுங்கள். சில வாரம் கழித்து எடுத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை பாருங்கள். பெரிய கண் பையில் இலை நன்றாகக் குறைந்திருந்தால் கடிப்பவை உள்ளே வந்திருக்கின்றன. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே எடை என்றால் வரவில்லை. வயல்களுக்கு மேலே, மருந்து எட்டாத இடத்திலும் இதே இரண்டு பைகளைக் கட்டுங்கள், ஒப்பிட அது வேண்டும். அதுவரை மழை வரும்போல இருக்கும் நாளில் தெளிக்காதீர்கள், தெளிப்பானை ஓடையில் கழுவாதீர்கள், கரையோரம் ஒரு பட்டையை மருந்தில்லாமல் விடுங்கள். எடைக் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள்.