மிச்சம் யாருக்குப் போகிறது?

கேள்வி: சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்துவிட்டது. சீனாவோ சந்தைக்குக் கதவைத் திறந்த பிறகுதான் வறுமையை விரட்டியது. இத்தனைக்கும் பிறகு, உலகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள மார்க்ஸ் தேவையா?

பதில்: சோவியத் ஒன்றியத்தின் சரிவு ஓர் ஆட்சிமுறையின் தோல்வி. மார்க்ஸ் தம் காலத்தைச் செலவிட்டதோ முதலாளித்துவம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிவதில். 1867-இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் சோசலிச அரசை நடத்தும் திட்டத்தைத் தேடுகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

அந்த ஆய்வின் மையம் உபரி மதிப்பு. தொழிலாளி பெறுவது தம் உழைப்புச் சக்தியின் விலையை. அவருடைய உழைப்பு உருவாக்கும் மதிப்போ அதைவிட அதிகம். அந்த மிகுதி உற்பத்திச் சாதனங்களை உடையவரிடம் சேர்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றாமல், கூலியைச் சந்தை விலைப்படியே கொடுத்தாலும் இது நிகழும் என்பதில்தான் வாதத்தின் கூர்மை இருக்கிறது.

ஒரு கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். 2009-ஆம் ஆண்டின் ஐபோன் 3ஜி கருவிக்கு உற்பத்திச் செலவு ஏறத்தாழ 179 டாலர் என்று, ஆசிய வளர்ச்சி வங்கிக் கழகம் 2010-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. ஜப்பான், ஜெர்மனி, தென் கொரியா முதலிய நாடுகளிலிருந்து வந்த பாகங்களைச் சீனாவில் பொருத்தி முடிக்க ஆன செலவு அதில் வெறும் 6.50 டாலர்; விற்பனை விலையோ சுமார் 500 டாலர். சீனாவின் ஏற்றுமதிக் கணக்கில் 179 டாலரும் முழுதாக ஏறியது. நாடுகளின் வர்த்தகக் கணக்கை மட்டும் பார்ப்பவர் சீனா கொழித்தது என்பார். சங்கிலியின் எந்தக் கண்ணி யாருடைய உடைமை என்று கேட்பவருக்கே மிச்சம் போன வழி தெரியும். (அந்த மிச்சம் முழுவதையும் பொருத்துநரின் உபரி என்று எழுதிவிடும் மார்க்சியர்களும் உண்டு. அது அவசரக் கணக்கு: வடிவமைத்தவர், மென்பொருள் எழுதியவர், கடையில் விற்றவர் ஆகியோரின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது.)

பொருத்துநரின் கூலி ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு மார்க்ஸ் சொன்ன ‘சேமப் பட்டாளம்’, அதாவது வேலைக்குக் காத்து நிற்போரின் கூட்டம், இன்றும் பொருந்தும். நிலத்தில் பிழைப்பற்று வேலை தேடி நிற்போர் பெருகியிருக்கும்வரை, வேலையில் இருப்பவரால் பேரம் பேச முடியாது. இன்று கூடுதலாக ஒன்று சேர்ந்திருக்கிறது: மூலதனம் எந்த எல்லையையும் எளிதில் கடக்கிறது, உழைப்பாளிக்கோ விசா வேண்டும்.

இங்கேதான் மார்க்ஸ் போதாமல் போகிறார். உலக மக்களின் வருமான வேறுபாட்டில் பெரும்பகுதி, ஒருவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதைப் பொறுத்தது என்று பொருளாதார அறிஞர் பிராங்கோ மிலனோவிச் காட்டியிருக்கிறார். ஒரே வேலைக்கு ஒரு நாட்டில் கிடைப்பதைப்போல் பல மடங்கு கூலி இன்னொரு நாட்டில் கிடைக்கும்போது, உலகத் தொழிலாளர்கள் ஒன்றுபட வேண்டும் என்று ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’ 1848-இல் விடுத்த அறைகூவல் தடுமாறுகிறது. லெனினும் பிற்காலத்தில் மார்க்சியப் பொருளாதார அறிஞர் சமீர் அமீனும் மார்க்ஸ் விட்ட இந்த இடைவெளியை நிரப்ப முயன்றனர். அவர்களையும் சேர்த்தே மார்க்சியத்தைப் படிக்க வேண்டும்.

சீனா நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேரைக் கடும் வறுமையிலிருந்து மீட்டது மறுக்க முடியாத சாதனை. அதே சீனாவில் வருமானத்தில் மேல்தட்டு 10 சதவீதத்தினரின் பங்கு 1978-இல் இருந்த 27 சதவீதத்திலிருந்து 2015-இல் 41 சதவீதமாக உயர்ந்தது. சிறு வீட்டின் அருகே ஒரு மாளிகை எழுந்தால், அந்த வீடு குடிசையாகச் சுருங்கிவிடும் என்று மார்க்ஸ் 1849-இலேயே எழுதியிருந்தார். வறுமை குறைவதும் இடைவெளி விரிவதும் ஒன்றாக நடக்கலாம்.

கேள்வி: ஏற்றத்தாழ்வைப் பற்றிப் புள்ளிவிவரங்களோடு எழுதும் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி இருக்கும்போது மார்க்ஸ் எதற்கு?

பதில்: அளப்பதில் பிக்கெட்டியே வல்லவர். உலகச் செல்வத்தில் 76 சதவீதம் மேல்தட்டு 10 சதவீதத்தினரிடமும், வெறும் 2 சதவீதம் கீழ்ப்பாதியினரிடமும் இருப்பதாக 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை கூறுகிறது. அதைத் தொகுத்தவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் ஒருவர் குடியிருக்கும் சொந்த வீடும், ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையும் அவர் கணக்கில் மூலதனம்தான். மார்க்ஸின் கணக்கில் ஆலை மட்டுமே மூலதனம். ஏனெனில் அங்கேதான் ஒருவரின் உழைப்பு இன்னொருவரின் சொத்தாகிறது.