செர்ரி எம்எக்ஸ் ரெட், ப்ளூ, பிரவுன்: விரலுக்கும் காதுக்கும் என்ன வித்தியாசம்?

ஆபீசில் நாள் முழுக்க டைப்பிங், இரவில் கொஞ்சம் கேம், இதற்கு மெக்கானிக்கல் கீபோர்டில் எந்த ஸ்விட்ச் (ஒவ்வொரு கீயின் அடியிலும் இருக்கும் பொறி) என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து எம்எக்ஸ் ஸ்விட்ச்களை வைத்தே சொல்கிறேன். மற்ற ஸ்விட்ச் தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் இதே நிறப்பெயர்களைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ரெட் தடங்கலில்லாமல் வழுக்கி இறங்கும். சுமார் 45 சென்டிநியூட்டன் (ஏறக்குறைய 45 கிராம் எடை வைத்தது போன்ற) அழுத்தம் போதும். கனத்த விரல்காரர்களுக்குக் வேண்டாத எழுத்தும் விழும்.

ப்ளூதான் சுவாரசியம். கீயோடு இறங்கும் அதன் தண்டு இரண்டு துண்டு. பாதி வழியில் வெள்ளைத் துண்டு சட்டென்று நழுவிக் கீழே மோதும். அதுதான் அந்த 'க்ளிக்'. எழுத்து பதிந்ததை விரலும் காதும் சேர்ந்தே அறியும். ஆனால் அடுத்த தட்டுக்குத் தயாராக, பதிந்த இடத்தைத் தாண்டி கீ இன்னும் மேலே வரவேண்டும். கேமில் வேகமாக இரட்டைத் தட்டு தட்டும்போது இது இடறும். அப்புறம், பக்கத்து மேசைக்காரரின் சாபம் தனி.

பிரவுனில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு மட்டும், க்ளிக் கிடையாது. அந்த மேடு எனக்குப் போதவில்லை. ஆனாலும் உங்கள் தேவைக்கு இதையே சொல்வேன்.

ரெட், பிரவுனிலும் 'டக்' சத்தம் வரும். கீ அடிவரை போய் மோதுவதால் வருவது அது. கீகேப் (கீயின் மேல்மூடி), பிளேட் (ஸ்விட்ச்கள் பொருந்தியிருக்கும் தகடு), கீபோர்டின் கூடு மாறினால் அதுவும் மாறும்.