இலக்கணம் தெரிந்தும் மதிப்பெண் ஏறாதது ஏன்?

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்டு என்ற உயர்நிலை ஆங்கிலத் தேர்வுக்காக மாதிரித் தாள்களை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். கட்டுரையும் கேட்டலும் நன்றாகவே வருகின்றன. இலக்கணமும் சொல்வளமும் சோதிக்கப்படும் பகுதிகளில் மட்டும் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்னும் எந்தப் பயிற்சிப் புத்தகத்தை வாங்கலாம்?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: புதிய புத்தகம் எதையும் இப்போது வாங்க வேண்டாம், எழுதி முடித்த தாள்களை மறுபடி எடுங்கள். உங்களுக்குச் சிக்கல் தருபவை, வாசிப்பையும் மொழிப் பயன்பாட்டையும் சேர்த்துச் சோதிக்கும் தாளின் முதல் நான்கு பகுதிகள். 90 நிமிடங்களில் 56 கேள்விகள் கொண்ட அந்தத் தாளில் 30 கேள்விகள் இந்த நான்கில்தான் வருகின்றன. இறுதி மதிப்பெண் என்பது வாசிப்பு, மொழிப் பயன்பாடு, எழுத்து, கேட்டல், பேச்சு ஆகிய ஐந்தின் சராசரி என்பதால், இங்கே விழும் பள்ளத்தை மற்ற நான்கும் சேர்ந்து தூர்க்க வேண்டியிருக்கிறது.

தாளை எழுதி, விடைப் பட்டியலைப் பார்த்து, சரிக்கும் தவறுக்கும் குறியிட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவதுதான் பலருடைய வழக்கம். அப்படிச் செய்தால் நம் நிலை என்ன என்பது தெரியவருமே தவிர, நிலை உயராது. தவறிய ஒவ்வொரு விடைக்கும் அருகில், ஏன் தவறியது என்பதை ஒரு முழு வாக்கியமாகத் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். ஒரே காரணம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதை நீங்களே காண்பீர்கள்.

தமிழ் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இரண்டாம் பகுதியில். அங்கே கோடிட்ட இடத்தில் நாமே ஒரு சொல்லை எழுத வேண்டும்; அது பெரும்பாலும் 'ஆஃப்', 'விச்', 'தோ', 'சச்' போன்ற சின்னச் சொல்லாக இருக்கும். தமிழில் இந்த வேலையில் பெரும்பகுதியை வேற்றுமை உருபும் எச்சமும் சொல்லோடு ஒட்டி நின்றே செய்துவிடுகின்றன. அதனால் ஆங்கிலத்தில் தனித்து நிற்கும் சின்னச் சொற்களின் மீது நம் கண் நிற்காமல் ஓடிவிடுகிறது. இதற்கு நான் மிகவும் நம்பும் பயிற்சி ஒன்று உண்டு. ஆங்கில நாளிதழின் தலையங்கத்திலிருந்து ஒரு பத்தியை, இந்தச் சின்னச் சொற்களை மட்டும் விட்டுவிட்டுக் கையால் எழுதி வையுங்கள். மறுநாள் மூலத்தைப் பார்க்காமல் நிரப்பி, பிறகு ஒப்பிடுங்கள். செலவில்லாத பயிற்சி, எந்தப் புத்தகத்தையும் விட இது கூர்மையானது.

மூன்றாம் பகுதி கொடுத்த சொல்லிலிருந்து வேறு சொல்லை ஆக்குவது. 'ரிலை' என்று கொடுத்தால் 'ரிலையபிள்' என்று எழுதிவிட்டு நகர்கிறோம். வாக்கியமோ சாட்சியின் பேச்சை நம்ப முடியாது என்கிறது. அங்கே வேண்டியது 'அன்ரிலையபிள்'. இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் தலைகீழாகிவிடுவதால் மதிப்பெண் கிடையாது. ஆகவே வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள். எழுத்துப்பிழைக்கும் இங்கே மன்னிப்பில்லை.

நான்காம் பகுதியில் ஒரு வாக்கியத்தின் பொருளை, கொடுத்த சொல்லை மாற்றாமல், 3 முதல் 6 சொற்களுக்குள் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். 'இட் வாஸ் எ மிஸ்டேக் டு செல் தி ஹவுஸ்' என்பது முதல் வாக்கியம், கொடுத்த சொல் 'ஷுட்', இரண்டாம் வாக்கியம் 'தி ஹவுஸ்' என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விடை 'ஷுட் நாட் ஹேவ் பீன் சோல்ட்'. இதில் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன: நடந்து முடிந்ததை நடந்திருக்கக் கூடாது என்று சொல்வது ஒன்று, செயப்பாட்டு வினைக்கு மாற்றுவது மற்றொன்று. இப்பகுதியில் கேள்விக்கு 2 மதிப்பெண் என்பதால் பாதி சரியாக இருந்தாலும் 1 கிடைக்கும். எனவே எதையும் வெறுமையாக விடக் கூடாது. 'ஷுடன்ட்' என்று சுருக்கி எழுதினாலும் அது இரண்டு சொற்களாகவே எண்ணப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் பகுதி நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்வது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற பழக்கமே அங்கே கைகொடுக்கும். அதற்கான வழியை அடுத்த வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தினமும் இருபது புதிய ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன். எழுதும்போது ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லையே?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தனிச் சொல்லாகப் படித்தது தனியாகவே கிடக்கும். 'இன்சிஸ்ட்' என்றால் வற்புறுத்து என்று மட்டும் படித்தவர், தேர்வில் 'இன்சிஸ்டட் டு பே' என்று எழுதிவிடுவார். 'இன்சிஸ்டட் ஆன் பேயிங்' என்று தொடராகப் படித்தவருக்கு அந்தத் தவறு வராது. 'அக்கஸ்டம்ட் டு லிவிங்', 'கேபபிள் ஆஃப் வின்னிங்' போன்றவற்றையும் இப்படியே பழகுங்கள். நாம் அன்றாடம் சொல்லும் 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் 'அபவுட்' வேண்டியதில்லை. இருபதை ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொரு தொடரையும் உங்கள் ஊர், உங்கள் வேலை பற்றிய சொந்த வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். சில்வர் பீச்சுக்கு வரும் கூட்டத்தைப் பற்றியோ, மழைக்காலத்தில் கெடிலம் ஆற்றில் வரும் வெள்ளத்தைப் பற்றியோ எழுதும்போது சொல்ல வேண்டியது உங்களிடம் தயாராக இருக்கும். கவனம் முழுவதும் மொழியின் மீது நிற்கும்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் இலக்கணத்துக்கெனத் தனித் தாள் இல்லை. ஆனால் எழுத்திலும் பேச்சிலும் மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்கும், கால் பங்கு இலக்கணத்தின் விரிவுக்கும் பிழையின்மைக்கும் உரியது. பொருந்தாத இடத்தில் செருகிய அரிய சொல்லால் அங்கே இழப்புதான்.

கேள்வி: வெளிநாட்டில் மேற்படிப்புக்கு சி1 அட்வான்ஸ்டு, ஐஇஎல்டிஎஸ் ஆகிய இரண்டில் எதை எழுதுவது நல்லது? ஆங்கிலம் படிக்கப் புதுச்சேரியில் செலவில்லாத வசதி உண்டா?
— கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் சேரவிருக்கும் பல்கலைக்கழகம் எதை ஏற்கிறது என்று அதன் சேர்க்கை விதிகளில் முதலில் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் பொதுவாக 2 ஆண்டுகள் வரை ஏற்கப்படுகிறது. சி1 அட்வான்ஸ்டு சான்றிதழில் காலாவதித் தேதி இல்லை. ஆயினும் எவ்வளவு பழைய சான்றிதழை ஏற்பது என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்யும். படிப்பதற்கு, 1827-இல் தொடங்கிய ரோமென் ரோலண்ட் நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மாதிரித் தாள்களைக் கேம்பிரிட்ஜ் தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. ஒன்றை மட்டும் இறக்கி, முன்னர் சொன்னபடி விடை விடையாக ஆராய்ந்து முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.