மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுங்கள்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்து, பதிவுகளைச் சேர்த்துச் சமன் செய்யும் மிக்ஸிங் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். பலருக்கும் பொதுவாக வரும் சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்ய ஒரு கண்டென்சர் மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் வாங்கினேன். யார் பாடினாலும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கிறது. இன்னும் விலை கூடிய மைக் வாங்க வேண்டுமா ஐயா?
– இசை ஆசிரியை, தஞ்சாவூர்

வேண்டாம் அம்மா. உங்கள் மைக் அதன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. கிணறு உங்கள் அறைதான். டைல்ஸ் தரை, சிமென்ட் பூசிய சுவர், கான்கிரீட் கூரை எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. அறை நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ‘ணங்’கென்று ஒரு வால் நீளும். விலை கூடிய மைக் அந்த வாலை இன்னும் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

தரையில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்துங்கள். எந்தச் சுவர் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் போர்வை கட்டுகிறார்கள். நீங்கள் வாங்கியது போன்ற மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்பக்கம் வருவதை நன்றாகக் கேட்கும், பின்பக்கம் வருவதை அவ்வளவாகக் கேட்காது. பாடுபவர் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் நேராக மைக்கின் முகத்தில் விழுகிறது. ஆகவே மெத்தை நிற்கவேண்டிய இடம் பாடுபவரின் முதுகுப் பக்கம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினாலும் நல்ல பலன் உண்டு. அறையின் மூலையிலும் வேண்டாம், நட்ட நடுவிலும் வேண்டாம்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் தள்ளி, வாயைப் பார்க்கத் திருப்புங்கள். ‘பஜ’ என்று தொடங்கும் வடமொழிக் கீர்த்தனைகளில் காற்று வந்து மோதும் ‘புஸ்’ சத்தம் இதிலேயே பாதி போய்விடும்.

மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். பக்கத்து அறை ஃப்ரிட்ஜையும்தான். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது மறுபடி போட ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு வியர்க்கும், தெரியும். ஒரு பாட்டு முடிந்ததும் ஐந்து நிமிடம் விசிறியைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் தெருச் சத்தம் உள்ளே வராது என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

வரும். சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், முட்டை அட்டைக்கு அது கிடையாது. அறைக்குள் கேட்கும் கீச்சொலியைக் கொஞ்சம் மழுக்கும், கீழ் ஸ்தாயியை ஒன்றும் செய்யாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். விரல் கனத்து அட்டை அதை என்ன செய்யும்? சீக்கிரம் தீப்பற்றும் பொருள் என்ற ஆபத்து வேறு. கதவின் அடி இடுக்கில் ஒரு தடித்த துண்டைச் சுருட்டி அடையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், விடிகாலை நாலரைக்குப் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது லெவல் எவ்வளவு இருக்க வேண்டும்? சிவப்பைத் தொட்டால்தான் சத்தம் நன்றாக வரும் என்று நண்பர் சொல்கிறார்.
– கீபோர்டு கலைஞர், கோவை

உங்கள் நண்பர் டேப் காலத்துப் பழக்கத்தைச் சொல்கிறார். டேப்பில் எப்போதும் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் இருக்கும். அதை அமுக்குவதற்காக முள் சிவப்பை உரசும்வரை நாங்கள் ஏற்றுவோம். கொஞ்சம் மிஞ்சினாலும் டேப் அதை மென்மையாக வாங்கிக்கொள்ளும். டிஜிட்டலில் மீட்டரின் உச்சம் பூஜ்யம்; அதைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது 1998ல், ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்காக. டிஜிட்டல் முறையில் பதியும் டேப்பில் அது எனக்கு இரண்டாவது வேலை. பாடகர் ஒத்திகையில் தணிந்த குரலில் பாடினார், நானும் பழைய பழக்கத்தில் லெவலை உச்சத்தில் வைத்தேன். சரணத்தில் அவர் மேல் ஷட்ஜத்தில் போய் நின்றபோது குரல் ‘கரகர’வென்று உடைந்தது. நான் கவனித்தது அவர் ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு. மறுவாரம் வரவழைத்துப் பாட வைத்தோம். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், ஆனால் முதல் நாள் அந்த இடத்தில் இருந்த உருக்கம் வரவில்லை. அந்தக் கேசட்டை இன்றும் என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை.

மென்பொருள் அமைப்பில் 24 பிட் என்ற தரத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள். பாட்டின் மிக உரத்த இடத்தைப் பாடச் சொல்லி, அது மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். ஒத்திகையில் எல்லாரும் அடக்கித்தான் பாடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். பதிவு சன்னமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பிறகு ஏற்றிக்கொள்ளலாம், 24 பிட்டில் அதனால் இரைச்சல் ஒரு பிரச்சினையாகாது.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் பிரமாதம். இரண்டையும் சேர்த்தால் தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்காரம், அந்த ஆழ்ந்த ‘கும்’ ஒலி, காணாமல் போகிறது.
– மிருதங்க மாணவர், நாகர்கோவில்

அருமையான கேள்வி, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், அடிக்கும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, அதாவது அதன் மைக்கை விட்டு விலகுகிறது. உள்ளே அழுந்தும் காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளுகிறது, அது தன் மைக்கை நோக்கி வருகிறது. ஒரே அடி ஒரு மைக்கில் பள்ளமாகவும் இன்னொன்றில் மேடாகவும் பதிவாகிறது. இரண்டையும் கூட்டினால் பள்ளத்தை மேடு நிரப்பிவிடும். தொப்பியில் அடித்தாலும் இதே கதைதான். முதலில் அடிபடுவது கீழ் ஸ்தாயி, அதாவது உங்கள் கும்காரம்.

மென்பொருளில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு பொத்தான் இருக்கும். ஏதாவது ஒரு டிராக்கில் மட்டும் அதை அழுத்துங்கள். அழுத்தியும் எடுத்தும் மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கேளுங்கள். எதில் கும்காரம் நிறைகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வலந்தலைக்கு ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்வாக மைக் வையுங்கள். தொப்பிக்கு ஒன்றரைச் சாண்.

என் விருப்பத்தைக் கேட்டால், பயிற்சிக் காலத்தில் ஒரே மைக் போதும். வாத்தியத்துக்கு முன்னால் மூன்றடி தள்ளி, கட்டையின் உயரத்தில் வைத்து, இடமும் வலமும் நகர்த்தி இரண்டு கையும் சமமாகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அப்படித் தேடுவதே காதுக்கு நல்ல பயிற்சி.

ஹெட்ஃபோனில் என் மிக்ஸ் நன்றாக இருக்கிறது. போனில் கேட்டால் குரல் மூழ்கிவிடுகிறது. குரலை ஏற்றினால் துருத்திக்கொண்டு நிற்கிறது.
– வாசகர், திருப்பூர்

குரலை மொத்தமாக ஏற்றாதீர்கள், அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை நகர்த்துங்கள். பெரும்பாலும் கீபோர்டில் நீட்டிப் பிடிக்கும் ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் கூட்டம் போன்ற ஒலிதான் குற்றவாளி. அதில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்தாலே குரலுக்கு வழி கிடைக்கும். குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அங்கே இருப்பது வண்டி அதிர்வும் காலடிச் சத்தமும்தான்.

அப்புறம், ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தானாகவே சமன் செய்யும் கம்ப்ரஸரைத் தேடும் முன், குரலின் அளவை வரிக்கு வரி கையால் ஏற்றி இறக்குங்கள். சலிப்பான வேலை, ஆனால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, சிதையாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சுருதி திருத்தும் மென்பொருளைக் கமகம் உள்ள இடங்களில் தயவுசெய்து ஓட்டாதீர்கள். வழுக்கிப் போகும் ஸ்வரத்தை அது கீபோர்டுக் கட்டைகளில் கொண்டுபோய் நிறுத்தும். தோடி ராகத்தின் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பது, அது எங்கே நிற்கும்?

முடித்ததும் ஒலியை மிகவும் தணித்து, மோனோவில், பக்கத்து அறையில் நின்று கேளுங்கள். சொல் புரிகிறதா? புரிந்தால் போனிலும் புரியும்.

என் பாட்டிக்கு 86 வயது. நாற்று நடும்போது பாடிய பாட்டுகள், தாலாட்டு எல்லாம் தெரியும். பதிவு செய்ய ஆசை. நல்ல மைக் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.
– வாசகி, மன்னார்குடி

காசு சேரும்வரை காத்திருக்காதீர்கள் அம்மா. உங்கள் போன் போதும், இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள். என் அம்மாவின் ஊஞ்சல் பாட்டுகள் ஒரே ஒரு கேசட்டில் இருந்தன. அதில் பூஞ்சை பிடித்துவிட்டது. எனக்கு மிஞ்சியது இரண்டு பாட்டு.

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கையில் பிடிக்காமல், மடித்த துண்டின் மேல், பாட்டியிடமிருந்து ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். ரெக்கார்டர் அமைப்பில் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் ‘வேவ்’ (WAV) இருந்தால் அதுவே சிறந்தது. திரும்பப் பாடச் சொல்லி அவரைச் சோர்வாக்க வேண்டாம். இடையில் பேசுவதையும் இருமுவதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். எந்த வயல், யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் குரலிலேயே வரட்டும். கடைசியில் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னணி இரைச்சலைக் குறைக்க மென்பொருளுக்கு அந்த ஒலி ஒரு மாதிரியாகத் தேவைப்படும். அந்த வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள். அசல் கோப்பு அப்படியே இரண்டு வேறு இடங்களில் இருக்கட்டும், ஒன்று உங்கள் வீட்டில், மற்றது உறவினர் யாராவது ஒருவர் வீட்டில்.